ஸ்பானிய மொழியும் அயலார் இல்லமும்

ஒரு மொழியைக் கற்க வேண்டுமானால் அது பேசப்படும் வீட்டின் அடுக்களை வரையில் செல்ல வேண்டும் என்பதைத் தமிழகத்தை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வந்து குடியேறிய நம் தாய்மார் பள்ளிக்குச் சென்றா இந்தி பயின்றனர்? காய்கறி வண்டிக்காரரிடம் பயின்றனர், அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணியிடம் பயின்றனர், குழாயடியில் பயின்றனர். அலுவலகத்தில் பரீட்சை எழுதித் தேறிய தந்தையர் சொல் தேடித் தயங்கி நிற்கையில், தாய்மார் பேரத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடுவதை இன்றும் காண்கிறோம்.

இப்பொழுது அக்குடும்பங்களின் பிள்ளைகள் கடல் கடந்து சென்று மொழி கற்க விரும்புகின்றனர். அவர்கள் விரும்புவது ஸ்பானிய மொழி. அது 20 நாடுகளில் ஆட்சிமொழி. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் மட்டும் ஏறத்தாழ 50 கோடி மக்கள். புதுதில்லி ஹனுமான் சாலையில் ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் 2009ஆம் ஆண்டு முதல் அம்மொழியைக் கற்பித்து வருகிறது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அதற்கெனத் தனித்துறை உண்டு. இத்தகைய இடங்களில் ஓரிரு ஆண்டுகள் பயின்றவர்கள், ஸ்பெயினுக்கே சென்று, அந்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு தங்கிச் சில மாதங்கள் படித்துவர வேண்டும் என்கின்றனர். பெற்றோரோ அஞ்சுகின்றனர். "முன்பின் அறியாத வீட்டில் பெண்ணை விடுவதா? அங்கே அவள் என்ன உண்பாள்? மாணவர் விடுதி இருக்க, வீடு எதற்கு?" என்று சங்கத்து அன்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயமே. சலமன்கா நகரில் அத்தகைய இல்லம் ஒன்றில் மூன்று மாதம் தங்கிப் பயின்றோம் ஆதலின், அவருக்கு நேரில் கூறியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

சலமன்கா, மாட்ரிட் நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், தோர்மேஸ் ஆற்றங்கரையில் உள்ளது. 1218ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தால் பெயர் பெற்ற ஊர். அந்தோனியோ தெ நெப்ரிஹா என்னும் பேராசிரியர் ஸ்பானிய மொழிக்கு இலக்கணம் எழுதி 1492இல் அச்சிட்டது இவ்வூரில்தான். ஊர்க் கட்டடங்கள் யாவும் பொன்னிறக் கல்லால் ஆனவை. மாலை வெயிலில் அவை மஞ்சள் பூசிக் குளித்தவை போல விளங்கும். நடுவே 'பிளாசா மயோர்' என்னும் பெருஞ்சதுக்கம் இருக்கிறது. 1755இல் கட்டி முடிந்த அச்சதுக்கத்தின் வளைவுகளின் கீழ் ஊரார் அனைவரும் மாலையில் உலாவுகின்றனர். நம் ஊர்த் தேரோடும் வீதியை எண்ணிக்கொண்டோம். காட்சிகள் இன்னும் பல உண்டு. நாம் சொல்ல வந்தது வீட்டைப் பற்றி.

ஏற்பாடு எளியது. மொழிப்பள்ளிகள், மாணவரை வைத்துக்கொள்ள இசையும் வீடுகளின் பட்டியலை வைத்திருக்கின்றன. மாணவர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி, வாரக் கணக்கில் அவ்வீட்டாருக்குச் செல்லும். தனி அறை, காலைச் சிற்றுண்டி, ஒரு வேளையோ இரு வேளையோ உணவு, வாரம் ஒருமுறை துணி வெளுத்தல் ஆகியன இதில் அடங்கும். வீட்டார் பெரும்பாலும், பிள்ளைகள் வளர்ந்து வேறூர் சென்றபின் தனித்திருக்கும் மூத்த பெண்மணிகள். இதனை அறம் என்று கருதி உருக வேண்டுவதில்லை. வாணிகம் என்று இகழவும் வேண்டுவதில்லை. ஓய்வூதியத்தோடு இந்த வருவாயும் சேர்ந்தால்தான் குளிர்காலத்து வெப்பச் செலவைக் கட்ட முடியும் என்று நம் வீட்டம்மையார் வெளிப்படையாகவே கூறினார். அவ்வாறு கூறிய பிறகு, நமக்கும் அவருக்கும் இடையே இருந்த கூச்சம் நீங்கிற்று.

அன்பர் கேட்ட மூன்றாம் கேள்விக்கு, அதாவது விடுதி இருக்க வீடு எதற்கு என்பதற்கு, முதலில் விடை கூறுகிறோம். ஸ்பானியர் மதிய உணவு உண்பது பிற்பகல் 2 மணிக்கு மேல். இரவு உணவு 9 மணிக்கு மேல். மதிய உணவே பேருணவு. உண்டு முடித்ததும் அவர்கள் எழுந்து கை கழுவச் செல்வதில்லை. தட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அங்கேயே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். இதற்கு 'சோப்ரெமேசா' என்று தனிச்சொல்லே உண்டு. அரை மணியும் ஆகும். ஒன்றரை மணியும் ஆகும். வகுப்பறையில் பதினைந்து மாணவர் இருந்தால் ஒருவர் வாய் திறப்பது நாளொன்றுக்குச் சில நிமிடமே. மேசையில் அமர்ந்த மாணவரோ, கேட்டும் விடையிறுத்தும், தவறிப் பேசித் திருத்தப்பட்டும் ஒரு மணி நேரம் மொழியிலேயே மூழ்கியிருக்கிறார். விடுதியில் இது கிடையாது. விடுதியில் உலகத்து மாணவர் எல்லாரும் கூடி ஆங்கிலம் பேசுகின்றனர்.

சான்றுக்குச் சில கூறுவோம். ஸ்பானிய மொழியில் இறந்தகாலம் இருவகைப்படும். முடிந்துபோன ஒரு செயலைக் கூறுவது ஒன்று. முன்னெல்லாம் வழக்கமாக நிகழ்ந்ததைக் கூறுவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை ஆசிரியர் கரும்பலகையில் கோடுகள் வரைந்து விளக்கினார். நாமும் தலையசைத்தோம். ஆனால் அது விளங்கியது வீட்டில்தான். அம்மையார் தம் இளமைக் காலத்துச் சிற்றூரைப் பற்றிப் பேசத் தொடங்குவார். கிணற்றில் நீர் இறைப்போம், குளிருக்கு மேசைக்கடியில் கணப்பு வைப்போம், ஞாயிறுதோறும் பாட்டி ரொட்டி சுடுவாள் என்று இரண்டாம் வகை வினைகளாகவே கதை ஓடும். திடீரென்று, 'ஒரு நாள் கணப்பிலிருந்து துணியில் தீப்பற்றிற்று' என்னும்போது வினை மாறும். அந்த மாற்றம் காதில் விழுந்த பிறகு, கரும்பலகைக் கோடுகள் நமக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்று, நிகழாததையும் விரும்புவதையும் குறிக்கும் வினைவடிவம். ஆங்கிலம் வழியாகக் கற்போருக்கு இது பெருந்தொல்லை. வீட்டிலோ ஒவ்வோர் இரவும் உறங்கச் செல்லுமுன் அம்மையார் 'கே தெஸ்கான்சேஸ்' என்பார். நன்கு இளைப்பாறுக என்பது பொருள். உண்ணத் தொடங்குமுன் 'கே அப்ரோவெச்சே' என்பார். உணவு உடலில் ஒட்டுக என்பது போன்ற வாழ்த்து. சளி பிடித்திருந்தால் நலம் பெறுக என்பார். இவை யாவும் அதே வினைவடிவம். நம் வியங்கோளை நினைத்துக்கொண்டால் இதில் அச்சமே இல்லை.

இவ்விடத்தில் ஒன்று கூறத் தோன்றுகிறது. நம் பிள்ளைகள் எல்லா மொழியையும் ஆங்கிலத்தின் வாயிலாகவே கற்க முயல்கின்றனர். ஸ்பானிய மொழிக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் நல்ல வாயில். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். வினையின் ஈறே ஆளைக் காட்டிவிடுவதால், நம் மொழியிற் போலவே நான், நீ என்று தனியே கூற வேண்டுவதில்லை. 'மே குஸ்தா' என்பதனை ஆங்கில வாக்கியமாக்கத் தலைகீழாக நிற்க வேண்டும். தமிழில் அது 'எனக்குப் பிடிக்கிறது', அவ்வளவே. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் நாய். இடையின ரகரத்திற்கும் வல்லின றகரத்திற்கும் உள்ள வேற்றுமையே இது. குமரி மாவட்டத்தார் பேச்சில் இன்றும் இவ்வேற்றுமையைத் தெளிவாகக் கேட்கலாம். நம்மில் ஏனையோர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். அதனால் சலமன்கா சென்று றகரத்தை மீண்டும் கற்க வேண்டியதாயிற்று! ஞகரமும் அங்கே உண்டு. குழந்தை 'நிஞோ', நாளை 'மஞானா'. நம் 'அது' என்னும் சொல்லில் தகரம் தளர்ந்து ஒலிப்பது போலவே, ஒன்றுமில்லை எனப் பொருள்படும் அவர்களுடைய 'நாதா' என்னும் சொல்லிலும் ஒலிக்கிறது. ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இங்கெல்லாம் நாவை மடித்து இடர்ப்படுகின்றனர். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் இடர்ப்படுவதில்லை.

எல்லாம் தமிழைப் போன்றது என்றும் கருதிவிடலாகாது. மேசைக்கும் நாற்காலிக்கும் பெண்பால், புத்தகத்துக்கு ஆண்பால் என்பன மனப்பாடமாகவே வரவேண்டும். இந்தி பேசிப் பழகிய நம் குழந்தைகளுக்கு இது புதிதன்று. மரியாதையும் வேறு வகை. நீ என்பதற்குத் 'தூ', நீங்கள் என்பதற்கு 'உஸ்தெத்' என்று இரு சொற்கள் உண்டு. எழுபது வயது அம்மையாரை நாம் முதல் நாள் 'உஸ்தெத்' என்றே விளித்தோம். மூன்றாம் நாள் அவர் முகம் சுளித்து, "என்னை ஏன் இப்படித் தொலைவில் வைக்கிறீர்?" என்றார். அந்நாட்டில் இன்று வீட்டிற்குள் 'உஸ்தெத்' அன்பின்மையாகவே கேட்கிறது. தாயினும் மூத்தவரை நீ என்று விளிக்க நமக்கு நாக்கு எழவில்லை. ஒரு வாரம் விளிக்காமலே பேசிச் சமாளித்தோம். பின்னர் வந்துவிட்டது. அதுபோலவே, 'தயைகூர்ந்து', 'நன்றி' என்று அடிக்கடி கூறும் ஆங்கில முறையும் அங்கே மிகை. தண்ணீர் வேண்டுமானால் 'தண்ணீர் ஊற்று' என்று கேட்பதே வழக்கம். நம் வீடுகளிலும் அப்படித்தானே?

இனி உணவு. சைவ உணவினர்க்கு இதுவே பெருங்கவலை. சொல் ஒன்றில் இருக்கிறது இடர். 'கார்னே' உண்பதில்லை என்று கூறினால், ஆடு மாடு உண்ணார் என்று மட்டுமே பலர் பொருள் கொள்கின்றனர். 'ஹாமோன்' எனப்படும் உப்பிட்ட பன்றித் தொடையையும், கலவைக் காய்கறியின் மேல் தூவும் சூரை மீனையும் இறைச்சி என்றே அவர்கள் எண்ணுவதில்லை. பருப்புக் குழம்பு என்று மகிழ்ந்து கரண்டியை இட்டால், உள்ளே காரக் கொத்திறைச்சித் துண்டு தென்படும். ஆதலின் இறைச்சி வேண்டா, மீன் வேண்டா, ஹாமோன் வேண்டா, எலும்புச் சாறும் வேண்டா என ஒவ்வொன்றாகப் பெயர் கூறி, விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். இவ்வாறு முன்கூட்டி எழுதினால், சைவ உணவு சமைக்க இசையும் வீட்டைப் பள்ளியார் தேடித் தருகின்றனர். முட்டை உண்போர்க்குத் துன்பமே இல்லை. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த 'தோர்த்திய்யா' நாள்தோறும் கிடைக்கும். முட்டையும் உண்ணாதவர் கொண்டைக்கடலை, துவரைக்கு ஈடான சிறுபருப்பு வகை, தக்காளி கத்தரி வதக்கல், ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பழம் ஆகியவற்றைக் கொண்டு நன்றாகவே காலம் தள்ளலாம். காரம் மட்டும் எதிர்பார்க்கலாகாது. ஊறுகாய்ப் புட்டி ஒன்று பெட்டியில் இருப்பது நன்று.

பாலில் அரிசியை வேகவைத்துச் சர்க்கரையும் எலுமிச்சைத் தோலும் இலவங்கப்பட்டையும் இட்டு ஒரு பண்டம் செய்கின்றனர். ஏலக்காய் இல்லாத பாயசம் என்றே சொல்லலாம். அதனை முதன்முதல் உண்ட அன்று நம் ஊர் நினைவு மிகுந்து, சோற்றில் தயிர் கலந்து உண்ணும் வழக்கத்தை அம்மையாருக்கு விளக்கினோம். அவர்களுக்குத் தயிர் என்பது உணவின் முடிவில் சிறு கிண்ணத்தில் சர்க்கரையோடு உண்பது. உப்பிட்ட சோற்றில் தயிரா என்று அவர் வியந்து, மறுநாள் தம் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து அச்செய்தியைத் தெரிவித்தார். அவ்வுரையாடலில் மட்டும் ஏழெட்டுப் புதுச்சொற்கள் நமக்குக் கிடைத்தன.

வீட்டின் ஒழுங்குகள் சிலவற்றை முன்னரே அறிந்து செல்வது நலம். நம் வழக்கத்துக்கு மாறாக, அங்கே வெறுங்காலோடு வீட்டினுள் நடந்தால் திடுக்கிடுவர். குளிர் ஏறும் என்பர். வீட்டிற்கென்றே ஒரு சோடிச் செருப்பு வேண்டும். நீராடலைச் சில நிமிடங்களில் முடிக்க வேண்டும். வெந்நீர் எரிவாயுவால் வருவது, அதன் விலை சிறிதன்று. அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்கவில்லையானால் அம்மையார் சொல்லாமல் வந்து அணைப்பார். அந்தச் சொல்லாமையே கண்டனம். சமையலறையை மாணவர் பயன்படுத்துவது பெரும்பாலும் ஏற்பாட்டில் அடங்காது. கடுகும் மிளகாயும் தாளிக்க விரும்புவோர் முன்னதாகக் கேட்டுக்கொண்டு, சாளரத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். உள்முற்றத்தின் கொடியில் துணி உலர்த்தும்போது எதிர்வீட்டாரோடு பேச்சுக் கொடுப்பது பாடத்தில் சேர்ந்ததே.

விண்ணப்பத்தில் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அதே வீட்டில் வேறு மாணவர் தங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். ஆங்கிலம் பேசும் மாணவர் ஒருவர் உடனிருந்தால், சோப்ரெமேசாவில் இருவரும் ஆங்கிலத்தில் கூடிவிடுவர். அம்மையார் எழுந்து தொலைக்காட்சி முன் அமர்ந்துவிடுவார். நம்மவர் இருவர் சேர்ந்து ஒரே வீட்டில் தங்குவதோ அதனினும் வீண்.

பெண்ணைத் தனியே விடுவது பற்றிய அச்சத்துக்கு வருவோம். பள்ளியார் வீடுகளைப் பார்வையிட்டே பட்டியலில் சேர்க்கின்றனர். வீடு பொருந்தவில்லையானால் மாற்றித் தருமாறு கேட்கலாம், கேட்கத் தயங்கலாகாது. நள்ளிரவிலும் சதுக்கத்தில் குடும்பங்களும் குழந்தைகளும் இருப்பதைக் கண்டோம். ஆயினும் பெற்றோர் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். வீட்டம்மையார் காப்பாளர் அல்லர். பதினெட்டு வயது நிரம்பிய மாணவியை அவர் வளர்ந்தவளாகவே கருதுவார். வாயிற் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். 'என் மகள் நேற்றிரவு எத்தனை மணிக்கு வந்தாள்?' என்று தில்லியிலிருந்து கேட்டால், அதனை மகளிடமே கேளுங்கள் என்பார். உணவுக்கு வரவில்லையானால் முன்னரே சொல்லவில்லையே என்று மட்டும் வருந்துவார். இதனைக் கவனக்குறைவு என்று நாம் எண்ணவில்லை. காய்ச்சல் கண்ட இரண்டு நாளும் அவர் கஞ்சி போன்ற ஒரு சாற்றைக் காய்ச்சி அறைக்கே கொண்டுவந்ததையும் நாம் மறக்கவில்லை. பரிவு உண்டு, காவல் இல்லை. இவ்வேறுபாட்டுக்கு மனம் இசையாத பெற்றோர் மகளை அனுப்பாதிருப்பதே மகளுக்கும் அம்மையாருக்கும் நல்லது. மகனை அனுப்புவோரும் இதே அளவுகோலை வைத்துக்கொண்டால் மகிழ்வோம்.

மூன்று மாதத்துக்குள், அதாவது 90 நாளுக்குள் திரும்புவோர்க்குக் குறுகிய கால ஷெங்கன் விசா போதும். அதற்கு மேற்பட்டால் மாணவர் விசா வேண்டும். பள்ளியில் சேர்ந்த சான்று, செலவுக்குப் பணம் உண்டென்பதற்குச் சான்று, மருத்துவக் காப்பீடு ஆகியவை இரண்டுக்கும் தேவை. இலையுதிர் காலத்தில் செல்வோர் கனத்த கம்பளியாடை கொண்டு செல்க. சலமன்கா 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழி இரவுகளில் உறைநிலைக்குக் கீழே இறங்கும். தேர்வு எழுத விரும்புவோர்க்குச் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் 'தேலே' என்னும் ஆறுபடித் தேர்வு உண்டு. அதனைத் தில்லிக்குத் திரும்பிய பின்னரும் எழுதலாம். தொடக்க நிலையும் முடிக்காமல் புறப்படுவோர்க்கு மேசைப் பேச்சு ஒன்றும் விளங்காது. முதற்படி இரண்டையேனும் இங்கேயே முடித்துச் செல்வது சிக்கனம்.

ஸ்பெயின் செலவு மிகும் என்போர் குவாத்தமாலா நாட்டின் அந்திகுவா நகரைக் கருதலாம். எரிமலைகள் சூழ்ந்த அப்பழைய தலைநகரில், மாணவர் ஒருவருக்கு ஆசிரியர் ஒருவர் என்னும் முறையில் கற்பிக்கும் பள்ளிகள் பல. குடும்பத்தோடு தங்குவதும் அங்கே வழக்கம். அங்கே 'தோர்த்திய்யா' என்றால் முட்டைப் பண்டம் அன்று, சோள ரொட்டி. கறுப்பு மொச்சை போன்ற அவரையும் வாழைக்காய் வறுவலும் நாள்தோறும் உண்டு. விமானக் கட்டணத்தை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாகத் தொலைபேசி. இப்போது முகம் பார்த்துப் பேசும் வசதி வந்துவிட்டது. நாள் தவறாமல் அழைக்கிறோம். தந்தை அலுவலகத்திலிருந்து திரும்பிக் காப்பி அருந்திவிட்டு, மாலை 7 மணிக்கு மகளை அழைக்கிறார். குளிர்காலத்தில் அப்போது ஸ்பெயினில் பிற்பகல் 2.30 மணி. மேசையில் தட்டு வைத்தாயிற்று. அம்மையார் எதிரே அமர்ந்து கதை தொடங்கிவிட்டார். மகள் எழுந்து அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு, என்ன சாப்பிட்டாய், சளி எப்படி இருக்கிறது என்னும் கேள்விகளுக்கு விடை கூறுகிறாள். எந்த ஒரு மணி நேரத்துக்காக அத்தனை பணம் செலவிட்டோமோ, அந்த ஒரு மணி நேரம் போயிற்று. உடன்பயின்ற நம் நாட்டு மாணவியர் இருவருக்கு இப்படி நிகழ்வதை நாள்தோறும் கண்டோம். ஒருத்தியின் வீட்டம்மையார், பின்னர் அவளுக்காகக் காத்திராமல் தனியே உண்ணத் தொடங்கிவிட்டார்.

இரவு 9 மணிக்கு அழையுங்கள். அங்கே குளிர்காலத்தில் மாலை 4.30 மணி, கோடையில் 5.30 மணி. வீடு ஓய்வில் இருக்கும், மேசை துடைத்தாயிற்று, உலாவச் செல்ல இன்னும் நேரம் இருக்கும்.